வலிக்கு எத்தனை மார்க்?

"அண்ணாச்சி, வலி எவ்வளவு இருக்கு? வலியே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து."

ஆலந்தலைக்காரர். ஆயுசு முழுக்கக் கடலுக்குப் போனவர். புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவியிருந்தது. கொஞ்சம் யோசிச்சிட்டு, "ஒரு நாலு போட்டுக்கோங்க சார்" என்றார்.

ரெண்டு வாரம் கழிச்சும் நாலு. அதுக்கடுத்த தடவையும் நாலு. மார்ஃபின் மாத்திரை நல்லா வேலை செய்யுதுன்னு எனக்கு ஒரே திருப்தி.

அன்னைக்கு அவர் வெளியே போனதும் மதினி மட்டும் திரும்பி வந்தாங்க. "உங்ககிட்ட நாலுங்காக. ராத்திரி அவுக அனத்துற சத்தத்துல வீட்டுல யாருக்கும் உறக்கம் இல்ல சார்."

தினசரி காலண்டர்ல கிழிக்கிற தாளைத் தூரப் போடாதீங்க என்றேன். காலையில், மதியம், படுக்கும்போது, ராத்திரி முழிப்பு வந்தால் அப்போதும் ஒரு நம்பர். கூடவே, தொடர்ந்து எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பதும்.

பத்து நாள் கழிச்சு ரப்பர் பேண்ட் போட்ட தாள் கட்டு வந்தது. எழுதியது பேத்தி. மதியம் 3, 4. ராத்திரி ரெண்டு மணிக்கு 8, 9. தினமும் அதே நேரம்!

சாதா மார்ஃபின் மாத்திரை வேலை செய்வது சுமார் 4 மணி நேரம். நான் நாலு மணிக்கு ஒருக்கான்னு எழுதியிருந்தேன். அவரோ மற்ற மாத்திரை மாதிரி சாப்பாட்டுக்குப் பிறகு மூணு வேளை. கூடப் போட்டா 'பழகிரும்'னு பயம் வேற. எப்படிப் போடுறீங்கன்னு நான் ஒரு தடவைகூடக் கேட்கலை. தப்பு என்னோடது.

கடிகாரம் பார்த்துப் போடச் சொல்லி, படுக்கும்போது போடும் டோஸையும் மாற்றினோம். (இதை டாக்டரைக் கேட்காம நீங்களா செய்யக் கூடாது.) அடுத்த கட்டில் ராத்திரி நம்பர் 3. உறக்கம் ஆறு மணி நேரம்.

உங்க நாலும் என் நாலும் ஒண்ணில்லை. ஒரே ஆளோட நேத்தையும் இன்னைக்கையும் ஒப்பிடத்தான் இந்த நம்பர். நம்பர் மட்டும் பத்தாதுன்னுதான் 1975லேயே ரொனால்ட் மெல்சாக் வலியைச் சொல்லும் வார்த்தைகளைத் திரட்டி மெக்கில் வலிக் கேள்வித்தாளை வெளியிட்டார். நம்மகிட்ட வார்த்தைக்கா பஞ்சம்? குத்துது, கடுக்குது, குடையுது... அதையும் பக்கத்துல எழுதுங்க. எரியுது, கரண்ட் அடிச்ச மாதிரி இருக்குன்னா அது நரம்பு வலியா இருக்கலாம். அதுக்கு மாத்திரையே வேற.

முதுகெலும்புக்குப் பரவினவங்களுக்கு முதுகுவலி நம்பர் திடீர்னு ஏறி, கால் பலம் குறைஞ்சாலோ சிறுநீர் போக முடியாமல் ஆனாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரி. 2021ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்தில் வலி தணிப்புக்கும் வீட்டுக்கே வர்றாங்க. வரும்போது இந்தத் தாளைக் காட்டுங்க.

ஏன் அண்ணாச்சி நாலுன்னே சொன்னீங்கன்னு கேட்டேன்.

"கூடச் சொன்னா பெட்ல சேத்துருவீங்கள்லா?"

போன வாரக் கட்டில் ஒரு நாள் மட்டும் 7. பக்கத்தில் பேத்தி எழுத்து: 'சொல்லச் சொல்லக் கேக்காம வலை சரிபண்ண உக்காந்தாங்க.'