தீட்டு

எங்கள் கடையநல்லூர் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் தீட்டு. கிழவர் ஒருவர் கண்ணை மூடினாலும் தீட்டு. ஒன்று சந்தோஷம், மற்றது துக்கம். இரண்டுக்கும் ஒரே பெயர் ஏன் என்று ஆச்சியிடம் கேட்டால், "அதெல்லாம் கேக்கப்படாதுல" என்பாள். கேள்விக்கும் தீட்டு உண்டு போலும்!

விடை எனக்குப் பசிபிக் சமுத்திரத்திலிருந்து வந்தது. 1777-ல் கேப்டன் குக் டோங்கா தீவுகளில் தங்கியபோது கேட்டு எழுதிவைத்த சொல்தான் 'டாபு'. விலக்கப்பட்டது என்று பொதுவாகப் பொருள் சொன்னார். ஆங்கிலத்தில் ஏறி அது உலகம் சுற்றியது. ஆனால் தீவுக்காரர்களுக்கு அது வெறும் 'கூடாது' அல்ல. 'மனா' என்ற சக்தி நிறைந்த தலைவனும் டாபு, பிணமும் டாபு. மின்சாரக் கம்பி புனிதமா, அசுத்தமா என்று யாராவது கேட்பார்களா? தொட்டால் ஆபத்து, அவ்வளவுதான்.

இதற்கு அவ்வளவு தூரம் போயிருக்கவும் வேண்டாம். எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் மது 'ஹராம்'. மக்காவின் மாபெரும் பள்ளிவாசலுக்குப் பெயரும் 'மஸ்ஜிதுல் ஹராம்'. விலக்கும் புனிதமும் ஒரே வேரில் கிளைத்தவை. நம் பழந்தமிழ் 'அணங்கு' மட்டும் என்ன? தெய்வமும் அதுவே, அது தரும் துன்பமும் அதுவே.

ஆனால் ஓரிடத்தில் ஒப்புமை உடைகிறது. மாவோரிகளிடையே தலைவனின் தலையைத் தொடக்கூடாது. அவன் உண்ட மிச்சத்தைத் தின்னக்கூடாது. அங்கே தீண்டக்கூடாதவன் ஆண்டவன். இங்கே தீண்டக்கூடாதவன் என்று ஒதுக்கப்பட்டவனோ, வயலில் நமக்காக உழைத்தவன். சக்தியைக் கண்ட பயம் என்று இதற்குச் சமாதானம் சொல்ல முடியுமா? கூலியையும் கிணற்றையும் காத்துக்கொள்ள, பயத்தின் வேஷத்தைச் சுயநலம் போட்டுக்கொண்டது.

ஹவாயில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக்கூடாது. பன்றி இறைச்சியும் தேங்காயும் பெண்களுக்கு விலக்கு. 1819-ல் இளம் மன்னர் லிஹோலிஹோ பெண்களின் பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். வானம் இடிந்து விழவில்லை. பழைய கட்டுப்பாடு அந்தச் சாப்பாட்டோடு சரிந்தது.

நம்மிடமும் 1939-ல் வைத்தியநாத ஐயர் ஹரிஜனங்களோடு மதுரை மீனாட்சி கோவிலுக்குள் நுழைந்தார். 1950-ல் அரசியல் சாசனத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் கோவில் கதவைத் திறக்கும். பந்தியில் நமக்குப் பக்கத்தில் இலை போட அது வராது. அதை நாம்தான் போட வேண்டும்.