கட்டிலோரம் நிற்பவரிடம் சொல்லுங்கள்

பொட்டிப்புரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோ ஞாபகம்தான் வரும். அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததிலிருந்து எத்தனையோ பேர் இந்தப் பாதையில் வந்து போயிருக்கிறார்கள். நான் வந்தது வேறு காரியமாக. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு மருந்தையும் வலியையும் உடற்பயிற்சியையும் பற்றி யார், என்ன, எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்காக 'மக்களைத் தேடி மருத்துவம்' குழுவினரோடு சேர்ந்துகொண்டேன்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் என்றே ஊர் இதை அறிந்திருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும், தீராத நோயில் வலி தணிக்கும் பராமரிப்பும் இதே திட்டத்தில் உண்டு என்பது, வீட்டில் ஒருவர் விழுந்த பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது.

முதல் வீட்டில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்து, தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்துவிட்டது. நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் செயற்கை மூட்டு வைத்து அனுப்பியிருக்கிறார்கள். தையல் பிரித்தாயிற்று, புண் சுத்தமாக ஆறியிருக்கிறது. ஆனால் அவர் எழுந்து நடக்கவில்லை. நடுவில் தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் கிடந்தார்.

"அப்பத்தா, வாக்கரைப் பிடிச்சு நடந்தீகளா?" என்றார் இயன்முறை மருத்துவர்.

"எங்கய்யா நடக்க... அசைஞ்சா உசுரு போகுது."

தலைமாட்டில் இருந்த மஞ்சள் பையை வாங்கிப் பார்த்தார். பாராசிட்டமால் அட்டை முழுசாக அப்படியே இருந்தது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டதற்கு, வலி மாத்திரை தின்றால் கிட்னி போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதாகப் பதில் வந்தது. அதே வீட்டில் மகன் முதுகுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் செட் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சர்க்கரையும் இருக்கிறது, ரத்த அழுத்தமும் இருக்கிறது. சிறுநீரகத்தைப் பற்றிப் பயப்பட வேண்டியவர் அவர்தான். டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் நாள்கணக்கில் சாப்பிட்டால் சிறுநீரகம் கெடும், வயிற்றில் புண் வரும். சொன்ன அளவில் சாப்பிடும் பாராசிட்டமால் அந்த வகை இல்லை. இந்த ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல ஆளில்லாததால், மகன் தின்னக் கூடாததைத் தின்றுகொண்டிருந்தார், தாய் தின்ன வேண்டியதைத் தின்னாமல் கிடந்தார். வலிக்கிறதென்று அசையவில்லை. அசையாததால் கால் இறுகி, வலி இன்னும் கூடிவிட்டது.

அடுத்து இயன்முறை மருத்துவர் கேட்ட கேள்விக்காகவே இந்தப் பயணம் பயனுள்ளதாயிற்று என்பேன். "அப்பத்தாவைத் தூக்கி உக்கார வைக்கிறது யாரு?" மகன், அடுப்படிப் பக்கம் கை காட்டினார். மருமகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். டிஸ்சார்ஜ் ஆன அன்று நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்களா என்று கேட்டால், இல்லை, ஏலத்தோட்டத்து வேலைக்குப் போயிருந்தேன் என்கிறார். டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் மகன். குளிப்பாட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப் போவது, மருந்து எடுத்துக் கொடுப்பது எல்லாம் மருமகள். கேட்டவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர்.

டிஸ்சார்ஜ் சீட்டை நானும் வாங்கிப் படித்தேன். எல்லாம் ஆங்கிலம். இரண்டாம் பக்கத்தின் அடியில், குத்தவைத்து உட்காரக் கூடாது என்று ஒரே ஒரு வரி. வீட்டிலோ கழிப்பறை குத்தவைக்கிற வகை. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை அதன் மேல் போட்டால் தீர்கிற விஷயம். உட்காரும்போது முழங்கால் இடுப்பை விட மேலே ஏறக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, படுக்கும்போது இரு கால்களுக்கும் நடுவே தலையணை வேண்டும். இல்லாவிட்டால் புது மூட்டு நழுவக்கூடும். தொய்ந்த கட்டிலை மாற்றிப் பலகைக் கட்டிலில் மெத்தை போடச் சொன்னார் இயன்முறை மருத்துவர். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், கெண்டைக்காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது உதவும் என்றும் சொன்னார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தால் நானும் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, நான்தான் பேஷன்ட். என்னை எந்திரிக்க வைங்க" என்றார். மருமகள் அவர் கையைப் பிடித்து இழுத்தார். "இழுத்தா அப்பத்தா உங்க மேலயே சாஞ்சிருவாக. ஆபரேசன் செஞ்ச பக்கம் நில்லுங்க, இடுப்புல கை குடுங்க. நாற்காலிக் கையை ஊணி அவுகளே எந்திரிக்கட்டும்." நடக்கும்போது முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் செய்த கால், கடைசியில் நல்ல கால். மருமகள் திரும்பத் திரும்பச் செய்து காட்டினார். தடுமாறிய இடத்தில் மட்டும் அவர் குறுக்கிட்டார். பாராசிட்டமால் கொடுத்து அரை மணி நேரம் கழித்துத்தான் பயிற்சி. வலி ஏறிய பிறகு மாத்திரையைத் தேடினால் பிடிக்க முடியாது, ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். நாங்கள் கிளம்புவதற்குள் அப்பத்தா வாசல்படி வரை நடந்துவிட்டார்.

அடுத்த வீட்டில் பக்கவாதம் வந்த ஒருவர். வலது கை விழுந்துவிட்டது, தோளில் தாங்க முடியாத வலி. நோயால் வருகிற வலி என்று வீட்டார் நினைத்திருந்தார்கள். படுக்கையிலிருந்து தூக்கும்போது அந்த விழுந்த கையைப் பிடித்து இழுத்ததுதான் பெரிய காரணம். கைக்கு அடியில் தலையணை கொடுக்கவும், தோள்பட்டைக்குப் பின்னால் தாங்கித் தூக்கவும் இயன்முறை மருத்துவர் செய்து காட்டினார்.

நோயாளிக்குப் புரிகிற மொழியில், புரிகிற அளவில் விளக்கம் பெறும் உரிமை உண்டு என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனம் சொல்கிறது. உரிமை சரி, வார்டில் அதற்கு நேரமும் ஆளும் வேண்டும். பெங்களூரில் நாராயணா மருத்துவமனையோடு சேர்ந்து நூரா ஹெல்த் என்ற அமைப்பு பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு வழி காட்டியது. நோயாளிக்குத் துணையாக வந்து வராந்தாவில் காத்துக் கிடப்பவர்களை உட்கார வைத்து, செவிலியர்களே வகுப்பு எடுக்கிறார்கள். கை கழுவுவதிலிருந்து ஆபத்தின் அறிகுறிகள் வரை எல்லாம் செய்முறையாக. இந்தப் பகுதியிலும் க.விலக்கு மருத்துவக் கல்லூரி தொடங்கி போடி, கம்பம் அரசு மருத்துவமனைகள் வரை எங்கும் அந்தத் துணையாட்கள் இருக்கிறார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரை ஒரு நாளாவது வரவழைத்து, அவர் கையாலேயே செய்ய வைத்துப் பார்த்த பிறகுதான் டிஸ்சார்ஜ் என்று ஆக வேண்டும். கூலி போகுமே என்றால், அந்த ஒரு நாள் கூலியை அரசே கொடுக்கலாம்.

கடைசி வீட்டில் வாய்ப்புற்று வந்த பெரியவர். பேச்சு குழறினாலும் நினைவு தெளிவு. இங்கே பேசியவர் செவிலியர். "ஐயா, தாங்கவே முடியாத வலி பத்து ரூபான்னு வச்சுக்கங்க. இப்ப எத்தனை ரூபா?" மூன்று விரல் காட்டினார். "ராத்திரி?" எட்டு விரல்.

மார்ஃபின் கொடுத்திருக்கிறார்கள். மகளுக்கு அந்தப் பெயரே பயம். "கடைசி மருந்துன்னு சொல்றாகளே, பழகிப் போயிருமாமே?" புற்றுநோய் வலிக்குச் சரியான அளவில் கொடுக்கும்போது அது போதைப் பழக்கமாகிவிடாது, உயிரையும் சீக்கிரம் முடித்துவிடாது என்று செவிலியர் நிதானமாக விளக்கினார். இந்தப் பயம் வீட்டில் மட்டும் இருந்ததில்லை. 1985இன் போதைப்பொருள் சட்டம் கேட்ட அனுமதிகளுக்கு அஞ்சி மருத்துவமனைகளே மார்ஃபின் வாங்கி வைக்காமல் விட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தி அனுமதியை எளிதாக்கினார்கள். அதற்கு ராஜகோபால் போன்ற மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1993இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். 2008இல் கேரளம் வலி தணிப்புப் பராமரிப்புக்கென்று அரசுக் கொள்கையே வகுத்தது. இந்த மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி. அங்கே கிடைப்பது இங்கேயும் ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைக்க வேண்டும்.

சாதாரண மார்ஃபின் மாத்திரைக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு வேளை. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. இரவில் இடையில் எழுப்பாமல் இருக்கக் கடைசி வேளைக்கு இரட்டை அளவு என்று டாக்டர் எழுதியிருந்தார். மகளோ விடியும் முன்பே ஏலத்தோட்டத்து ஜீப்பில் ஏறிவிடுகிறவர். ஆறு மணி மாத்திரையை ஜீப் ஏறும் முன் கொடுக்கலாம், பத்தையும் இரண்டையும் ஐயாவே பார்த்துக்கொள்ளலாம், மீதி அட்டை பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

"இப்ப நீங்க சொல்லுங்க" என்றார் செவிலியர். மகள் நேரங்களைச் சரியாகச் சொன்னார். பிறகு, "வயித்துக்குப் போகுற மருந்தை, நல்லாப் போயிட்டா நிறுத்திரலாம்ல?" என்றார். "இல்லக்கா. மார்ஃபின் இருக்குற வரைக்கும் அதுவும் இருக்கணும். வாந்தி, மயக்கம் மாதிரி வர்றது கொஞ்ச நாள்ல அடங்கிரும், மலச்சிக்கல் மட்டும் அடங்காது. வலி குறைஞ்சிருச்சுன்னு மார்ஃபினையும் நீங்களா நிறுத்தக் கூடாது. எழுப்பினாலும் எந்திரிக்காமத் தூங்கினா, மூச்சு ரொம்ப மெதுவா வந்தா, அடுத்த வேளை கொடுக்காம உடனே 108க்குப் போன் போடுங்க." மகள் திரும்பச் சொன்னார். இந்த முறை ஒன்றும் விடுபடவில்லை.

வாசலில் சரக்கு ஆட்டோ வந்து நின்றது. மகன். ராத்திரி அப்பாவோடு படுப்பது இவர்தான் என்றார் மகள். செவிலியர் பைக்குள் வைத்த மாத்திரை அட்டையை மறுபடி வெளியே எடுத்து, அவரை உட்காரச் சொல்லி, காலை ஆறு மணி மாத்திரையிலிருந்து ஆரம்பித்தார்.