தானாக எழ வேண்டும்

மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தை அச்சிட்டுப் பதிவுத் தபாலிற் சேர்க்கவேண்டிய கடைசி நாள் அது. காலையிற் கணினியைத் திறந்தோம், அச்சுப்பொறி அசையவில்லை. விளக்கு எரிந்தது, கடதாசியும் இருந்தது, கம்பியிலும் குறையில்லை. முதல்நாள் மாலை ஒழுங்காக அச்சிட்ட பொறி அது!

"அப்பா, தபாற்கந்தோர் பூட்டிவிடுமே!" என்று அவள் கலங்கினாள்.

எங்கள் கணினி லினக்ஸில் இயங்குவது. அதில் அச்சுவேலைகளை ஏற்று, வரிசைப்படுத்திப் பொறிக்கு அனுப்புவது 1999இல் வெளிவந்த 'கப்ஸ்' என்னும் சேவை. அதன் நிலையை வினவினேன். அது உறங்கிக் கிடந்தது. 'ஸ்டார்ட்' என்று கட்டளையிட்டேன், உடனே விழித்தது. படிவமும் வந்தது.

முதல்நாளும் அவ்வாறே தட்டியெழுப்பியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 'ஸ்டார்ட்' அந்த வேளைக்கு மட்டுமே எழுப்பும். கணினி தொடங்குந்தோறும் சேவை தானாக எழுவதற்கு 'எனேபிள்' என்னும் வேறொரு கட்டளை வேண்டும். தபாலைச் சேர்த்துவிட்டு வந்து அதனையும் கொடுத்தேன். கணினியை அணைத்து மீண்டும் திறந்தேன். சேவை தானே எழுந்து நின்றது.

நாள்தோறும் விடியலில் மகளைத் தட்டியெழுப்பிப் படிக்க வைத்தவன் நான். விடுதியில் அவளை யார் எழுப்புவார்? அன்றிரவே அலாரம் அடிக்கும் மணிக்கூட்டை அவள் கையிற் கொடுத்தேன்.