நாலாவது சீட்டு

தொழிற்சாலைகளில் முன்முடிவைக் குறைக்கும் பயிற்சியாளனாக முதல் வருஷம் நான் செய்ததெல்லாம் சொற்பொழிவு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி மில்லின் கேன்டீனில் புரொஜெக்டர் போட்டு, வடக்கத்தி ஆட்களும் நம்மைப் போலத்தான் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். நன்றாகவே கை தட்டினார்கள். சாயங்காலம் கவரைப்பேட்டை வழியாகப் பெரியபாளையம் போகிற கம்பெனி வேனில், எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஃபிட்டர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: “இன்னிக்கு கொஞ்ச நேரம் சூட்டுல நிக்காம தப்பிச்சோம். ஆமா, அந்தாளு அவனுங்க ஆளா?”

‘அந்தாளு’ நான்தான்.

பேசியே முன்முடிவைக் கரைக்க முடியாது என்பது எங்கள் தொழிலில் பழைய சங்கதி. கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே எழுதிவிட்டார்: இரு தரப்பும் பழகிப் பலன் கிடைக்க வேண்டுமானால் அந்த இடத்தில் இருவரும் சமமாக இருக்க வேண்டும், நோக்கம் ஒன்றாக இருக்க வேண்டும், ஒருவர் கை இல்லாமல் மற்றவர் வேலை நடக்கக் கூடாது, மேலே இருப்பவர்கள் இதற்குத் துணை நிற்க வேண்டும். இதைப் படித்துப் பரீட்சை எழுதியவன்தான் நான். ஆனாலும் புரொஜெக்டரைத்தான் தூக்கிக்கொண்டு போனேன். நிர்வாகத்துக்கு அது சுலபம், போட்டோவும் எடுக்கலாம்.

வழி கிடைத்தது தீத்தடுப்புப் பயிற்சியில். தீயணைக்கும் சிலிண்டருக்கு நாலு வேலை: பின்னை உருவு, தீயின் அடியைக் குறிவை, கைப்பிடியை அழுத்து, இடமும் வலமுமாக வீசு. நாலையும் நாலு சீட்டாக்கினேன். இரண்டு தமிழில், இரண்டு ஒடியாவில். குழுவுக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு சீட்டு. சீட்டை மாற்றிக்கொள்ளக் கூடாது. எலியட் அரோன்சன் 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய ஜிக்சா வகுப்பின் நகல்தான் இது. அங்கே பாடம், இங்கே தகரத் தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்திய காட்டன் வேஸ்ட்.

அந்த ஃபிட்டர் கையில் சிலிண்டர். பின்னை உருவிவிட்டார். இரண்டாவது சீட்டுக்காரர் “அடியில புடி, அடியில” என்றார். மூன்றாவது ஆள் பேசவே இல்லை, ஃபிட்டரின் விரல்களின் மேல் தன் கையை வைத்து அமுக்கினான். வெள்ளைப் பொடி ஒரே இடத்தில் கொட்ட, ஓரத்தில் தீ மறுபடி ஏறியது. நாலாவது சீட்டு, இருபது வயது இருக்கும், ஒடிசாவின் பாலசோர் பக்கத்துப் பையனிடம். “அண்ணா, அண்ணா!” என்றான், அடுத்த வார்த்தை வரவில்லை. சட்டென்று குனிந்து, இல்லாத துடைப்பத்தால் தரையைக் கூட்டிக் காட்டினான். ஃபிட்டருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. “பெருக்கச் சொல்றான்டா!”

அணைந்தது. மீசையெல்லாம் பொடியாக நின்றபடி அவர் கேட்டார்: “உன் பேர் இன்னா?”

ஏழு மாதமாக ஒரே லைனில் வேலை பார்த்தவர்கள். அதுவரை அவன் பெயர் ‘ஏ இந்தி’. அவனுக்கோ இந்தியே அரைகுறை.

சேர்ந்து நிற்பது வேறு, எதிரே நிற்பது வேறு. மாட் லோவ் என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப்பிரதேசத்தில் 1,261 இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் லீக் ஆய்வு செய்தார். ஒரே அணியில் ஆடிய பல சாதிக்காரர்களிடம் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாகச் சந்தித்தவர்களிடம் அப்படிக் கூடவில்லை. ஆயுத பூஜைக்கு ‘லோக்கல் வெர்சஸ் நார்த்’ கபடி வைக்க ஆசைப்பட்ட ஒரு மேனேஜரை நான் கெஞ்சித் தடுத்தது இதைப் படித்த தெம்பில்தான்.

ஆனால் ஃபிட்டரின் கோபத்தில் பாதி முன்முடிவே அல்ல, கூலிக் கணக்கு. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒத்துக்கொள்ளும் ஆளைக் கான்ட்ராக்டர் கொண்டுவந்து இறக்கினால், எட்டு மணி நேரம் கேட்பவன் கேட்டுக்கு வெளியே நிற்கிறான். அதற்குச் சீட்டு மருந்தாகாது. அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்கிற கம்பெனிகளுக்கு இப்போது நான் போவதில்லை. வருமானம் குறைந்தது, அது என் பாடு.

இன்னொன்றும் உறுத்துகிறது. வடக்கத்தியான் வந்ததும் உள்ளூரில் எல்லாரும் ‘நம்மாளு’ ஆகிவிடுகிறார்கள், மில்லின் கேட் வரைக்கும். இதே வட்டாரத்து ஆத்துப்பாக்கத்தில் 2020 சுதந்திர தினத்தன்று தலித் பெண் ஊராட்சித் தலைவரால் கொடியேற்ற முடியவில்லை. பிறகு கலெக்டர் வந்து ஏற்றவைத்தார். தோக்கமூரில் தீண்டாமைச் சுவரை இடித்தது 2023-ல்தான். மூன்றாவது ஒருவனைக் காட்டி வருகிற ஒற்றுமையை நான் வரவில் எழுதுவதில்லை.

வடக்கு ஈராக்கில் கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் ஒரே கால்பந்து அணியில் ஆடவைத்த சல்மா மூசாவின் ஆய்வு 2020-ல் வெளியானது. மைதானத்துக்குள் பழகும் விதம் மாறியது. வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்களிடம், அவ்வளவாக மாறவில்லை. படித்தபோது கொஞ்சம் அவநம்பிக்கையான முடிவாகத் தோன்றியது.

போன ஆடி ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் பவானி அம்மன் கோயில் வாசலில் ஃபிட்டரைப் பார்த்தேன். மகளுக்கு வேப்பஞ்சேலை வேண்டுதல். வேப்பிலைக் கட்டைச் சுமந்துகொண்டு கூடவே பாலசோர் பையன். “நம்ம தம்பி சார்” என்று எனக்கே அறிமுகம் செய்துவைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது வரிசையின் நடுவில் நாலைந்து வடக்கத்திப் பையன்கள் நுழையப் பார்த்தார்கள்.

“டேய் வடக்கனுங்களா, பின்னாடி போங்கடா!” என்றார் ஃபிட்டர்.

வேப்பிலைக் கட்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, பாலசோர் பையனும் அவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டான், நல்ல தமிழில்: “லைன்ல வாடா!”