ஒரே பலகாரம், ஆயிரம் வருஷக் கடை... கியோட்டோவில் ஒரு கும்பகோணம் மாணவி!

கும்பகோணத்தில் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. தாத்தா தொடங்கியது. எவர்சில்வர் வந்து பித்தளையை ஓரங்கட்டியபோதும் தாக்குப்பிடித்த கடை, ஆன்லைன் வியாபாரம் வந்த பிறகு தள்ளாடுகிறது. “இது என்னோட போகட்டும்மா. நீ படிச்சு வேற வேலைக்குப் போ” என்று சொல்லித்தான் மகளை வணிக நிர்வாகம் படிக்க ஜப்பானுக்கு அனுப்பினார் அப்பா. அவள் போய்ச் சேர்ந்ததோ பழைய கடைகளுக்குப் பேர்போன கியோட்டோவில்!

தலைமுறை தலைமுறையாக நடக்கும் கடைகளை அங்கே ‘ஷினிசே’ என்கிறார்கள். நூறு வயதைத் தாண்டிய நிறுவனங்கள் மட்டும் ஜப்பானில் 30,000-க்கும் மேல். அதில் ஏதாவது சிலவற்றைப் பார்த்து, எப்படி நடக்கின்றன என்று எழுதி வரச் சொன்னார்கள் வகுப்பில்.

பெரிய கோயிலுக்கும் மூத்த கடை

முதலில் போனது இமாமியா ஷின்டோ கோயில் வாசலில் இருக்கும் ‘இச்சிவா’ கடைக்கு. தொடங்கிய ஆண்டு கி.பி.1000 என்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிக்கப்பட்டதே 1010-ல்தான்!

மெனு கார்டு பார்க்கும் வேலையே இல்லை. அங்கே கிடைப்பது ‘அபுரி மோச்சி’ மட்டும். கட்டைவிரல் அளவு அரிசி உருண்டைகளை வறுத்த சோயா மாவில் புரட்டி, மூங்கில் குச்சியில் குத்தி, கரி அடுப்பில் சுட்டு, இனிப்பான வெள்ளை மிசோ சாற்றை ஊற்றித் தருகிறார்கள். கூடவே டீ. சாப்பிட்டால் நோய் அண்டாது என்பது கோயிலுக்கு வருபவர்களின் நம்பிக்கை. எதிரிலேயே சுமார் 400 வருஷமாக இன்னொரு கடை. அங்கேயும் அதே பலகாரம்தான். (போகிறவர்கள் புதன்கிழமையைத் தவிர்ப்பது நல்லது.)

கத்தியில் ஒரு பெயர்

அடுத்து நிஷிக்கி மார்க்கெட். சுமார் 400 மீட்டர் நீளத்துக்குக் கூரை போட்ட குறுகலான கடைத்தெரு. ஊறுகாய், மீன், டோஃபு வாசனைக்கு நடுவே ‘அரித்சுகு’ கத்திக் கடை. 1560-ல் வாள் செய்யத் தொடங்கியவர்கள், காலம் மாறியதும் சமையல் கத்திக்கு மாறிக்கொண்டார்கள். கத்தி வாங்கினால், வாங்கியவரின் பெயரை உளியால் தட்டிப் பொறித்துத் தருகிறார்கள்.

அந்த டக் டக் சத்தத்தில் அவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்பாவின் கடையிலும் சீர்வரிசைப் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டித் தருவார்கள். சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறாள்.

வயது மட்டும் காப்பாற்றாது

ஆனால், எல்லாக் கதையும் இனிப்பில்லை. ஒசாகாவில் 578-ம் ஆண்டு முதல் கோயில் கட்டி வந்த ‘கோங்கோ குமி’ நிறுவனம், கடன் சுமையால் 2006-ல் வேறொரு கட்டுமான நிறுவனத்தின் கைக்குப் போனது. பெயர் இன்றும் இருக்கிறது. குடும்பத்தின் தனி உரிமை போய்விட்டது.

வாரிசுப் பிரச்னையும் அங்கே பழையதுதான். மகன் இல்லாத, அல்லது மகனுக்குத் திறமை போதாத குடும்பங்கள், மருமகனையே தத்தெடுத்துக் குடும்பப் பெயரைக் கொடுத்துக் கடையை ஒப்படைப்பது வழக்கம். நம்பிக்கையான பழைய ஊழியருக்குக் கடையின் பெயரையே கொடுத்துக் கிளை தொடங்க வைப்பதும் உண்டு. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று ஒவ்வொரு தலைமுறையும் முடிவெடுத்தாக வேண்டும். இச்சிவா பலகாரத்தை மாற்றவில்லை. அரித்சுகு பொருளையே மாற்றியது. இரண்டும் இருக்கின்றன.

அன்று இரவு வாட்ஸ்அப்பில் அழைத்தாள்.

“அப்பா, பேர் வெட்டுற மெஷினை வித்துட்டீங்களா?”

“இல்லம்மா. மூலையில கிடக்கு. இப்ப யாரு கேக்குறா அதை?”

“நான் கேக்குறேன்ப்பா. விக்காதீங்க.”

படிப்பு முடிந்து ஊர் திரும்புவாளா, கல்லாவில் உட்காருவாளா என்பதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. ஆனால், மறுநாள் காலை அவளுக்கு ஒரு போட்டோ வந்தது. தூசு துடைத்து, எண்ணெய் போட்டு, கடை வாசல் மேஜைக்கு வந்திருந்தது அந்த மெஷின்!