ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கும் எங்கள் வீட்டுக் கொப்பியும்

துரொண்ட்ஹெய்மிலிருந்து தெற்கே ஏறக்குறைய 120 கிலோமீற்றர். ஸ்தோரன் வரை பெருந்தெரு. பிறகு கௌலா ஆற்றை ஒட்டியபடி ஓலன் வரை ஒரு சின்ன வீதி. அங்கிருந்து மலைக்குள் திரும்பினால் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கு. நீளம் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீற்றர் இருக்கும். நிரந்தரமாக வாழ்பவர்கள் நூற்றைம்பது பேர் அளவில்தான். சில பண்ணைகள், ஒரு மரத் தேவாலயம், நடுவில் ஹெஸ்யா ஆறு. துரொண்ட்ஹெய்முக்கு விடுமுறையில் வரும் எங்கட ஆக்கள் நிடாரோஸ் தேவாலயத்தைப் பார்ப்பினம். இன்னும் கொஞ்சம் நேரமிருந்தால் ரோரோஸ் பழைய செம்புச் சுரங்க நகரத்துக்குப் போவினம். ஹெஸ்டாலனுக்கு ஏன் போகவேணும் என்று கேட்டால், இரவில் வானத்தைப் பார்க்க என்றுதான் சொல்லவேண்டும்.

1981 டிசம்பரில் இருந்து இந்தப் பள்ளத்தாக்கில் விளங்காத வெளிச்சங்கள் தோன்றத் தொடங்கின. அதற்கு முன்பும் எப்போதாவது கண்டதாகப் பழையவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 1981 கடைசியிலிருந்து 1984 கோடை வரை, சில வாரங்களில் பதினைந்து இருபது தடவை என்று வந்தது. வெள்ளை, மஞ்சள், சிலவேளை சிவப்பு. சில செக்கனில் மறைவதும் உண்டு, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்பதும் உண்டு. மலைமுகட்டுக்கு மேலே மட்டுமில்லை, முகட்டுக்குக் கீழே, வீட்டுக் கூரைகளுக்குப் பக்கத்திலும் கண்டார்கள். செய்தி பரவியதும் பத்திரிகைக்காரரும் வேடிக்கை பார்ப்பவர்களும் வந்தார்கள். ஊர்க்காரரைக் கேலி செய்தவர்களும் இருந்தார்கள்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அம்மம்மாவோ அப்பம்மாவோ சொன்ன கொள்ளிவால் பேய் நினைவுக்கு வந்திருக்கும். வயல்வெளியில், குளக்கட்டுக்கு அப்பால், தரவைப் பக்கம் இரவில் எரிந்து எரிந்து அணையும் நெருப்பு. கிட்டப் போனால் விலகும். பின்னால் போனால் வழி தவறும். பள்ளிக்கூடத்தில் அது சதுப்பு நிலத்து மீத்தேன் வாயு என்று படித்துவிட்டு, விஷயம் முடிந்தது என்று நாங்கள் விட்டுவிட்டோம். உண்மையில் அது முடியவில்லை. அந்த வாயு தீக்குச்சி இல்லாமல் எப்படிப் பற்றுகிறது என்ற கேள்வி வேதியியலாளரிடம் மிச்சமாகவே இருந்தது. 2025 இல்தான் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தண்ணீருக்குள் எழும் மீத்தேன் குமிழிகளுக்கு இடையே மிகச் சிறிய மின்பொறி பாய்வதை அதிவேகக் கமராவில் பிடித்துக் காட்டினார்கள். ஆய்வுகூடத்தில் கிடைத்த அந்த விடையை வயலில் இன்னும் சோதிக்க வேண்டும்.

என் மாமா ஒருவர், அம்மாவின் மூத்த அண்ணன், முள்ளியவளையில் சின்ன வயதில் அப்படியொரு வெளிச்சத்தைக் கண்டிருக்கிறார். ஓடிவந்து சொன்னதும் வீட்டில் விபூதி போட்டு, நூல் கட்டி, இனி அந்தப் பக்கம் போகாதே என்றார்கள். பள்ளிக்கூடத்தில் 'பேய் கண்டவன்' என்று பட்டம் வைத்தார்கள். பட்டம் பெரியவனான பிறகும் போகவில்லை. அதன்பிறகு அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். "அது என்ன நிறம், எவ்வளவு நேரம் நிண்டது எண்டு ஒருத்தரும் அண்ணையைக் கேட்கேல்லப் பிள்ளை" என்று அம்மா ஒருநாள் சொன்னார். மாமா இப்போது இல்லை. இனிக் கேட்கவும் முடியாது.

ஹெஸ்டாலனில் கேட்பதற்கு ஆட்கள் வந்தார்கள். 1983 இல் எர்லிங் ஸ்த்ரான்ட் என்ற இளம் பொறியியலாளரும் அவரது நண்பர்களும் சேர்ந்து 'ஹெஸ்டாலன் திட்டம்' என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். 1984 ஜனவரி 21 முதல் பெப்ரவரி 26 வரை, நடுங்கும் குளிரில், மலைமேல் முகாமிட்டுக் காவல் இருந்தார்கள். அவர்களிடம் ராடார் இருந்தது. நிலநடுக்கம் அளக்கும் கருவி, காந்தப்புலம் அளக்கும் கருவி, கதிரியக்கம் அளக்கும் கருவி, லேசர், அகச்சிவப்புக் கதிரைக் காட்டும் கருவி, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் படம் பிடிக்கும் கமரா எல்லாம் இருந்தன. அந்த ஐந்து கிழமையில் 53 வெளிச்சங்களைப் பதிவுசெய்தார்கள். ஒரு வெளிச்சத்தை நோக்கி லேசரை ஒன்பது முறை காட்டியபோது, எட்டு முறை அது சிமிட்டும் விதத்தை மாற்றியதாக அறிக்கையில் எழுதினார்கள். சிலவேளை கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்திலிருந்தும் ராடாரில் எதிரொலி வந்தது. இதெல்லாம் என்ன என்று அவர்கள் முடிவு சொல்லவில்லை. இன்ன நேரம், இன்ன திசை, இவ்வளவு நேரம், இத்தனை பேர் கண்டார்கள் என்று எழுதினார்கள்.

1998 ஆகஸ்டில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு தானியங்கிக் கமரா நிலையம் நிறுவப்பட்டது. இதன் பின்னால் இருப்பது எர்லிங் ஸ்த்ரான்ட் வேலை பார்த்த எஸ்ட்ஃபோல்ட் உயர்கல்லூரி. 2000 இலிருந்து இத்தாலியின் வானொலி வானியல் ஆய்வாளர்களும் கருவிகளோடு வந்தார்கள். இளம் மாணவர்களும் இங்கே முகாமிட்டு, கமராவை எப்படி நிறுத்துவது, கண்டதை எப்படி எழுதுவது என்று பழகியிருக்கிறார்கள்.

விடை கிடைத்ததா? பல விடைகள் கிடைத்திருக்கின்றன, ஒன்றும் முழுதாகப் பொருந்தவில்லை. பள்ளத்தாக்கின் ஒரு பக்கப் பாறையில் செம்பு, மறுபக்கத்தில் நாகமும் இரும்பும், நடுவில் பழைய சுரங்கத்தின் கந்தகம் கலந்த ஆற்றுநீர். ஆக, பள்ளத்தாக்கே ஒரு பெரிய பற்றரி போல வேலை செய்யலாம் என்பது இத்தாலியரான யாடர் மொனாரியின் கருத்து. பாறைக்குள் இருக்கும் குவார்ட்ஸ் நெரியும்போது மின்னூட்டம் உண்டாகலாம் என்பது இன்னொன்று. காற்றில் மிதக்கும் தூசு மின்னூட்டம் பெற்று ஒளிர்கிறது என்பது மூன்றாவது. கண்ட வெளிச்சங்களில் ஒரு பகுதி எதிர்மலை வீதியில் வந்த வாகனங்களின் முன்விளக்குகளே என்று வாதிட்டவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லா வெளிச்சத்தையும் கார் விளக்கு என்று சொல்லிவிட முடியாது.

இந்தப் பள்ளத்தாக்கு எங்கள் வீட்டுக்குள் வந்தது பன்னிரண்டு வயது மகனின் கைத்தொலைபேசி வழியாக. கறுப்பு வெள்ளையில் ஒரு காணொளி. நடுவில் ஒரு சூடான பொட்டு. விமானக் கமரா அதை விடாமல் துரத்துகிறது. "இது விமானம் இல்லையாம் அம்மா, நேவியே சொல்லியிருக்கு." உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு காணொளி வந்திருக்கும். வராவிட்டால் கெதியில் வரும்.

அவனோடு இருந்து நாங்கள் பார்த்தது சிலி நாட்டுக் காணொளி. 2014 நவம்பர் 11 அன்று அந்நாட்டுக் கடற்படை ஹெலிகொப்டர் ஒன்று அகச்சிவப்புக் கமராவில் ஒரு பொருளைப் பிடித்தது. ஒட்டியபடி இரண்டு சூடான பொட்டுகள். அதிலிருந்து இடையில் ஏதோ புகை போல வெளியேறுகிறது. அந்த இடத்தில் ராடாரில் ஒன்றுமில்லை. அரசு அமைத்த குழு இரண்டு வருடம் ஆராய்ந்தும் அடையாளம் காணமுடியவில்லை என்று சொல்லி, 2017 ஜனவரியில் காணொளியை வெளியிட்டது. சில நாட்களுக்குள் வெளியிலிருந்த ஆர்வலர்கள் விமானப் பாதைப் பதிவுகளை எடுத்து, நேரத்தையும் கமராவின் திசையையும் பொருத்திப் பார்த்தார்கள். சந்தியாகோவிலிருந்து மாட்ரிட் நோக்கி ஏறிக்கொண்டிருந்த பயணிகள் விமானம் சரியாக அந்தக் கோட்டில் இருந்தது. சூடான பொட்டுகள் அதன் எஞ்சின்கள். புகை, குளிர்ந்த காற்றில் உறையும் நீராவித் தடம். ஹெலிகொப்டரில் இருந்தவர்கள் நினைத்ததைவிட விமானம் மிகத் தூரத்தில் இருந்தது. அதனால்தான் அவர்கள் தேடிய இடத்தில் ராடாரில் ஒன்றும் இல்லை.

இதில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு விஷயம் இருக்கிறது. அகச்சிவப்புக் கமரா வெப்பத்தைப் பார்க்கும், தூரத்தைப் பார்க்காது. பக்கத்தில் இருக்கும் சின்னச் சூடும், தூரத்தில் இருக்கும் பெரிய சூடும் அதற்கு ஒரே பொட்டுத்தான். தூரம் தெரியாமல் வேகமும் தெரியாது, அளவும் தெரியாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லுங்கள், பிள்ளைக்கு உடனே விளங்கும். இரண்டு இடத்தில் இரண்டு கமரா வைத்து ஒரே நேரத்தில் ஒரே வெளிச்சத்தைப் பிடித்தால்தான் அது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கணக்குப் போடலாம். அதற்காகத்தான் ஹெஸ்டாலனில் இத்தனை பாடு.

போன இலையுதிர்கால விடுமுறையில் துரொண்ட்ஹெய்மில் சித்தி வீட்டுக்குப் போனபோது ஒரு மாலை அங்கே போனோம். மகன், எட்டு வயது மகள், கணவர், நான், பின்சீற்றில் போர்வை போர்த்தபடி அம்மா. ஜூன், ஜூலையில் போய்ப் பயனில்லை, இரவே இருட்டாது. ஒக்டோபரில் எட்டு மணிக்கே நல்ல இருட்டு. பிளாஸ்கில் தேத்தண்ணி, ரோல்ஸ், ஒளிரும் மேலங்கிகள், ஒரு திசைகாட்டி, ஒரு பழைய தமிழ்ப் பள்ளிக் கொப்பி. வீதியோரம் வண்டி நிறுத்த இடமுள்ள மேட்டில் விளக்கை அணைத்துவிட்டு நின்றோம்.

மூன்று வெளிச்சம் கண்டோம். முதலாவது எதிர்மலையில் மிதந்து வந்து, இரண்டாகப் பிரிந்து, மரங்களுக்குள் மறைந்தது. கார். இரண்டாவது வடகிழக்கில் பதிவாக நின்று சிவப்பும் பச்சையுமாகத் துடித்தது. மகள் பயந்தே போய்விட்டாள். அரை மணித்தியாலமாகியும் பெரிதாக நகரவில்லை. கப்பெல்லா என்ற நட்சத்திரம். மூன்றாவதுதான் எங்களை வாயடைக்க வைத்தது. தெற்கு முகட்டுக்கு மேலே வெள்ளையாக ஒன்று. இரண்டு நிமிடம் அசையவேயில்லை. சத்தமும் இல்லை. பிறகு மெல்ல மேலேறி எங்கள் தலைக்கு மேலால் வடக்கே போனது. மகன் நேரத்தையும் திசையையும் எழுதினான்.

வீட்டுக்கு வந்து விமானப் பாதை காட்டும் செயலியில் பார்த்தால் ஒஸ்லோவிலிருந்து துரொண்ட்ஹெய்ம் வந்த விமானம், நிமிடம் பிசகாமல். நேரே எங்களை நோக்கி வந்ததால் நிற்பது போலத் தெரிந்திருக்கிறது.

"அப்ப மூண்டும் ஒண்டுமில்லை" என்றான் மகன், முகம் தொங்கிப்போய்.

அம்மாதான் சொன்னார்: "ஏன் ராசா ஒண்டுமில்லை? மூண்டையும் நீ கண்டுபிடிச்சிட்டியே. எங்கட ஊரில ஒண்டைக்கூட ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்ல."

பெற்றோராக எங்களுக்கு முன்னால் சுலபமான வழி இரண்டு இருக்கிறது. "சும்மா விசர்க்கதை" என்று வாயை மூடவைக்கலாம். அல்லது பிள்ளையோடு சேர்ந்து, ஓமோம் வேற்றுக்கிரகம்தான் என்று கதை கட்டலாம். இரண்டிலும் பிள்ளை கண்டது என்ன என்று யாரும் கேட்பதில்லை. இன்றைக்கு வானத்து வெளிச்சத்தைச் சொல்லும் பிள்ளைதான் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்ததையும் வந்து சொல்லவேண்டும். முதல் தடவை சிரித்துவிட்டோமென்றால் இரண்டாம் தடவை சொல்லாது.

"தெரியாது" என்று பிள்ளைக்கு முன்னால் சொல்ல எங்கட வீடுகளில் பெரியவர்களுக்குக் கொஞ்சம் கூச்சம். நாற்பது வருடத்துக்கு மேலாகக் கருவிகளோடு காத்திருக்கும் படித்த மனிதர்கள் ஹெஸ்டாலனைப் பற்றி அதைத்தான் சொல்லுகிறார்கள். சொல்லிவிட்டுத் திரும்பவும் கமராவைத் துடைத்து வைக்கிறார்கள்.

எங்கள் கொப்பியில் ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கோடு போட்டிருக்கிறோம்: நேரம், திசை, உயரம், எவ்வளவு நேரம் நின்றது, வேறு யார் கண்டது. உயரத்துக்குக் கருவி தேவையில்லை. கையை நேராக நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் ஒரு முட்டி ஏறக்குறைய பத்துப் பாகை. அடிவானத்திலிருந்து எத்தனை முட்டி என்று எண்ணினால் போதும். நிறத்தை மறந்துவிட்டோம் என்று மகள் பிறகு சொன்னாள். ஆறாவதாக அதையும் சேர்த்திருக்கிறோம்.