பாலிஹோனிஸ்: நோன்பும் அப்பமும் ஐரிஷும்

டப்ளினிலிருந்து மேற்கே வெஸ்ட்போர்ட் செல்லும் ரயில், காஸல்ரே நிலையத்தைத் தாண்டி மேயோ கவுண்டிக்குள் நுழைந்ததும் முதலில் நிற்கும் ஊர் பாலிஹோனிஸ். சுற்றிலும் ஈரம் காயாத மேய்ச்சல் நிலம், கல் அடுக்கிய வேலிகள். அகஸ்தீனியத் துறவிகளின் பழைய மடம் ஒன்று உண்டு. 2002இல்தான் அவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். மரியன்னை திருத்தலமான நாக் சற்றுத் தொலைவில்தான் இருக்கிறது. 2016 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை இரண்டாயிரத்து நானூறைக்கூடத் தொடவில்லை. ஆனால் அவர்களில் 39.5 சதவீதம் பேர் அயர்லாந்துக் குடியுரிமை இல்லாதவர்கள். அந்த ஆண்டு நாட்டின் வேறெந்த ஊரிலும் இவ்வளவு இல்லை.

காரணம் மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும். பாகிஸ்தானில் பிறந்த ஷேர் ரஃபீக் 1970களில் இங்கே ஹலால் இறைச்சி ஆலை ஒன்றைத் தொடங்கினார். மேயோவின் புல்லைத் தின்று வளர்ந்த ஆடுமாடுகளின் இறைச்சி அரபு நாடுகளுக்குக் கப்பலேறியது. ஹலால் முறையில் அறுக்கத் தெரிந்தவர்கள் பாகிஸ்தானிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்தார்கள், பிறகு குடும்பங்களும் வந்தன. 1987இல் பள்ளிவாசல் எழும்பியது. 2004இல் ஐரோப்பிய ஒன்றியம் விரிந்தபின் போலந்துக்காரர்களும் பால்டிக் நாட்டினரும் வந்தார்கள். கன்னியர் மடமாக இருந்த பழைய கட்டடம் புகலிடம் கோருவோர் தங்கும் இடமானது. பிழைப்புக்கு அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை அனுப்பிய மேயோவில், உலகம் பிழைப்புத் தேடி வந்து இறங்கிய ஊர் இது.

இத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் வந்து உட்காரும் இடம் தொடக்கப் பள்ளி. அயர்லாந்தில் பிள்ளைகள் நான்கு, ஐந்து வயதில் பள்ளியில் சேர்ந்து எட்டாண்டு அங்கேயே படிக்கிறார்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்பது தொடக்கப் பள்ளிகள் கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் உள்ளவை. ஆனாலும் சமய போதனையில் கலந்துகொள்ளாதிருக்கும் உரிமையை அரசியல் சாசனமே பிள்ளைகளுக்குத் தருகிறது.

2025ஆம் ஆண்டு மார்ச் முதல் வாரத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் ஐரிஷ் பள்ளிக்கு அதைவிட நெருக்கடியான வாரம் அமைவது கடினம். சனிக்கிழமை, மார்ச் 1ஆம் தேதி ரமலான் நோன்பு தொடங்கியது. அன்றே ஐரிஷ் மொழி வாரமும் தொடக்கம். வாரம் என்று சொன்னாலும் அது 17ஆம் தேதி, புனித பாட்ரிக் நாள் வரை நீளும். செவ்வாய்க்கிழமை பான்கேக் நாள். தவக்காலத்துக்கு முன் வீட்டிலிருக்கும் முட்டை, பால், வெண்ணெயைத் தீர்த்துவிடும் பழைய வழக்கம் இது. இன்று எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் தூவிச் சுடச்சுடத் தின்னும் மெல்லிய அப்பமாக நிற்கிறது. மறுநாள் சாம்பல் புதன். நெற்றியில் சிலுவை இட்டுக்கொண்ட பிள்ளைகள் ஈஸ்டர் வரை மிட்டாய் தின்பதில்லை என்று உறுதி எடுப்பார்கள். டிரோகரா தொண்டு நிறுவனத்தின் அட்டை உண்டியல் பள்ளி வழியாக வீட்டுக்கு வரும். வியாழக்கிழமை உலகப் புத்தக நாள்: கதை மாந்தர் வேடம் போட்டு வருவார்கள், ஒன்றரை யூரோ பெறுமான புத்தக டோக்கன் கிடைக்கும்.

ரமலானும் தவக்காலமும் ஒரே வாரத்தில் பிறப்பது எப்போதாவதுதான் நேரும். பாலிஹோனிஸ் போன்ற ஊரின் வகுப்பறையில் அதற்கு என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். சிறுவர்களுக்கு நோன்பு கடமையில்லை. ஆனாலும் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்து ஓரிரு நாள் முயல்வார்கள். பக்கத்து இருக்கைப் பிள்ளை சாக்லேட்டை விட்டிருக்கும். மதிய உணவு மணி அடிக்கும்போது 'நீ எதை விட்டாய்?' என்ற கேள்வி இருவருக்கும் பொது. பல்சமய நல்லிணக்கம் பற்றி எத்தனையோ கூட்டங்கள் போடுகிறோம். நாட்காட்டி தானாகவே கொண்டுவந்து வைத்த இந்த வாய்ப்பு அவற்றைவிட உயர்ந்தது என்பேன்.

இன்னும் எனக்குப் பிடித்தது ஐரிஷ் வாரம். தேசத்தின் முதல் ஆட்சிமொழி என்று சாசனம் சொன்னாலும், இந்த ஊரின் ஐரிஷ் குடும்பங்களிலும் வீட்டுப் பேச்சு ஆங்கிலம்தான். பத்துத் தலைமுறையாக இங்கே உழும் குடியானவர் வீட்டுப் பிள்ளையும் உருது பேசும் வீட்டுப் பிள்ளையும் ஐரிஷைப் பள்ளியில்தான் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறார்கள். ஆங்கிலப் பாடத்தில் பின்தங்கும் சிரியச் சிறுமி இங்கே பின்தங்க வேண்டியதில்லை. இரண்டு மொழிகளுக்கிடையே தினமும் போய்வரும் பிள்ளைக்கு மூன்றாவது மொழி அச்சம் தருவதில்லை. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வருவோர் ஐரிஷ் படிப்பதிலிருந்து விலக்குக் கோரலாம். சிறியவர்களாக வந்தவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து படிக்கிறார்கள், அது அவர்களுக்கு நல்லதே. கழிப்பறைக்குப் போக ஐரிஷில் அனுமதி கேட்பது நாடு முழுவதும் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்யும் வாக்கியங்களில் ஒன்று. இந்த நாட்களில் டின் விசில் ஊதுவதும், ஜோடி ஜோடியாகக் கைகோத்துக் கேய்லி நடனம் ஆடுவதும் சேர்ந்துகொள்ளும். யாருடைய பாட்டி எந்த ஊர் என்பது அந்த வட்டத்துக்குள் பொருட்டே அல்ல.

விளையாட்டிலும் இந்த ஊருக்குத் தனி அடையாளம் உண்டு. கேலிக் கால்பந்து வெறி பிடித்த மேயோவில் ஹர்லிங் மட்டை வேரூன்றிய மிகச் சில ஊர்களில் பாலிஹோனிஸும் ஒன்று. ஆசியர்கள் கொண்டுவந்த கிரிக்கெட்டுக்கும் ஊரில் ஒரு மன்றம் இருக்கிறது.

அந்த மார்ச்சின் கடைசியில் நோன்பு முடிந்து ஈத் வந்தது. மே மாதத்தில் இரண்டாம் வகுப்புக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முதல் நற்கருணை. அதற்கான தயாரிப்பை ஆசிரியர்கள் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிடுவார்கள்.